கணிப்பொறியின் அமைப்புகளும் எல்லைத் தமிழரும்

கோயம்புத்தூரிலிருந்து சித்தூருக்குச் செல்லும் சாலையில் வேலந்தாவளத்தைக் கடந்தால் கேரள மாநிலம் தொடங்கிவிடுகிறது. மாநிலம் மாறுகிறதே தவிர, மொழி உடனே மாறிவிடுவதில்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களில் சந்தையிலும் வயலிலும் தமிழ் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தெற்கே சென்றால் போடிமெட்டைத் தாண்டிய பூப்பாறையிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய மலைச்சிற்றூர்களிலும், குமுளியை அடுத்த வண்டிப்பெரியாற்றிலும் இதே நிலைதான். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வூர்கள் கேரளத்தைச் சேர்ந்தன. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

இம்மக்களின் அன்றாட வாழ்விலே இன்று கணிப்பொறி புகுந்துவிட்டது. வருமானச் சான்றிதழ் வேண்டுமானாலும், பிள்ளையின் உதவித்தொகைக்கு மனுச் செய்ய வேண்டுமானாலும், நிலவரி செலுத்த வேண்டுமானாலும், ஏதேனும் ஒரு திரையின் முன்னே நிற்க வேண்டியிருக்கிறது. அத்திரை எந்த மொழியில் பேசுகிறது, அதனைத் தமிழில் பேசவைக்க இயலுமா, இயலுமானால் எந்த இடத்தில் எதனைத் திருப்ப வேண்டும் என்பவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

அழகு அலகான கதை

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலைநகர் ஒன்றிலுள்ள சேவை நிலையம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் தம் மனுவைத் தமிழில் எழுதுவித்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய பெயரிலே ‘அழகு’ என்னும் சொல் இருந்தது. நிலையத்திலிருந்த இளைஞர் மரியாதையுடனேயே, “பாட்டி, இந்த மெஷினில் தமிழ் இல்லை, இங்கிலீஷில் அடித்துத் தருகிறேன்” என்றார். அவ்வாறே அடித்தார். ஆங்கிலத்தில் ழகரம் கிடையாது. ஆகவே ‘அழகு’ என்பது லகரத்தோடு ஆங்கிலமாயிற்று. பிறகு அலுவலகத்தார் ஆங்கிலத்தைப் பார்த்து மலையாளத்தில் எழுதிக்கொண்டபோது அது ‘அலகு’ என்றே நிலைத்துவிட்டது. குடும்ப அட்டையில் ஒரு பெயர், புதிய தாளில் வேறொரு பெயர். இவ்விரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்த மூதாட்டி மேலும் இருமுறை மலையிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் மகன் இழந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் ழகரம் உண்டு, மலையாளத்திலும் ழகரம் உண்டு. இரு மொழிகளுக்கும் பொதுவான அவ்வெழுத்து, இடையிலே ஆங்கிலத்தின் வழியாகச் சென்றதனால்தான் தொலைந்தது. அந்தக் கணிப்பொறியில் தமிழ் இல்லையா என்றால், இருந்தது. இளைஞரின் அனுமதியோடு அமைப்புகளைத் திறந்து பார்த்தோம். மூன்றே படிகளில் தமிழ் விசைப்பலகை வந்து சேர்ந்தது. அவர் நம்மினும் வியப்படைந்தார். நாள்தோறும் அவர் கையாளும் இயந்திரத்தில் அவர் ஒருபோதும் நுழையாத ஓர் அறை இருந்திருக்கிறது. அறை பூட்டியிருக்கவுமில்லை, அங்கே அறை உண்டென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இயங்குதளமும் அதன் அமைப்புகளும்

கணிப்பொறி என்பது இரும்பும் கண்ணாடியும் மின்சுற்றும் சேர்ந்த ஒரு பெட்டி. அதனை எழுப்பி, திரையில் எழுத்தைக் காட்டி, விசையைத் தட்டினால் கேட்டுக்கொண்டு, கோப்புகளைக் காத்துவைக்கும் அடிப்படை நிர்வாகிக்கு இயங்குதளம் என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்பது ஒன்று. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வழங்கப்படும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு என்பது மற்றொன்று. கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆண்ட்ராய்டு.

கேரளத்துப் பள்ளிகளுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. 2001ஆம் ஆண்டளவில் அம்மாநிலம் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே 2017இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் உள்ள கணிப்பொறிகளுக்காக, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு கைட் தானே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்குகிறது. ஆகவே தேவிகுளத்திலோ சித்தூரிலோ தமிழ்வழியில் பயிலும் ஒரு மாணவி பள்ளியில் பெரும்பாலும் லினக்ஸைக் காண்கிறாள். தந்தையோடு சேவை நிலையத்துக்குச் சென்றால் விண்டோஸைக் காணக்கூடும். வீட்டிலே ஆண்ட்ராய்டைக் காண்கிறாள். மூன்றும் வெவ்வேறு வீடுகள். ஆயினும் ஒரு வீட்டின் அமைப்பை நன்கறிந்தவர், மற்ற இரண்டிலும் வழிதவற மாட்டார்.

அமைப்புகள் என்பது என்ன? ஆங்கிலத்தில் இதனை செட்டிங்ஸ் என்கிறார்கள். வாடகைக்கு ஒரு வீடு எடுத்தால், விளக்குச் சுவிட்சு எங்கே, தண்ணீர்க் குழாயை அடைக்கும் திருகு எங்கே, மின்மானி எங்கே என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்கிறோம் அல்லவா? அவ்வாறே கணிப்பொறியின் ஒலி, ஒளி, வலைத்தொடர்பு, அச்சுப்பொறி, தேதி, மொழி ஆகிய யாவற்றையும் திருப்பிவைக்கும் திருகுகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அவ்விடத்துக்குப் பெரும்பாலும் ஒரே அடையாளம்தான்: பற்சக்கரம். எந்த மொழியில் திரை இருந்தாலும் பற்சக்கரப் படம் மாறுவதில்லை. இதனை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மொழி என்பது நான்கு காரியங்கள்

‘தமிழ் வேண்டும்’ என்று கணிப்பொறியிடம் கேட்பவர் பலர் வழிதவறுவதற்குக் காரணம் ஒன்றே. நாம் ஒன்றாக எண்ணும் காரியத்தைக் கணிப்பொறி நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றொன்று நடக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

முதலாவது, காட்சி மொழி. பட்டியல்களும் அறிவிப்புகளும் திரையில் எந்த மொழியில் தோன்ற வேண்டும் என்பது. இரண்டாவது, உள்ளீட்டு முறை. விசையைத் தட்டினால் எந்த மொழியின் எழுத்து விழவேண்டும் என்பது. மூன்றாவது, வட்டார வழக்கம். தேதி, நேரம், நாணயம் ஆகியவற்றை எம்முறையில் எழுதவேண்டும் என்பது. நான்காவது, எழுத்துரு. எழுத்தின் வடிவத்தைத் தன்னுள் கொண்ட கோப்பு அது.

இந்நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. திரை முழுவதும் ஆங்கிலத்திலேயே இருக்க, தமிழில் கடிதம் எழுதலாம். திரை முழுவதும் தமிழாக இருக்க, தட்டினால் ஆங்கிலமே விழவும் கூடும். மேற்கூறிய சேவை நிலையத்திலே திரையைத் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இளைஞருக்குப் பழகிய மொழியில் அது இருக்கலாம். வேண்டியது இரண்டாவது காரியம் மட்டும்தான். எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு அமைப்புகளைத் திறப்பவர் பாதி வழியைக் கடந்தவராவார்.

மூன்றாவதை அற்பமென்று தள்ளிவிடக் கூடாது. அமெரிக்க வழக்கத்தில் மாதம் முன்னே, நாள் பின்னே வரும். நம் நாட்டு வழக்கத்தில் நாள் முன்னே, மாதம் பின்னே வரும். கணிப்பொறி அமெரிக்க வழக்கத்தில் இருக்குமானால், ஏப்ரல் மூன்றாம் தேதி பிறந்த பிள்ளை ஒரு படிவத்தில் மார்ச்சு நான்காம் தேதி பிறந்ததாக ஆகிவிடக்கூடும். பள்ளியில் சேர்க்கும் வயதைக் கணக்கிடும்போது இத்தகைய தவறு பெருந்தொல்லையாக முடியும்.

நான்காவதைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் சதுரக் கட்டங்கள் தோன்றினால், தமிழ் எழுத்துரு அங்கே இல்லை என்று பொருள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தோன்றினால், அது ஒருங்குறிக்கு முந்திய பழைய முறை ஒன்றில் அடிக்கப்பட்டது என்று பொருள். ஒருங்குறி, அதாவது யூனிகோடு, உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடு. விண்டோஸ் 2000 வந்த காலத்திலிருந்தே அவ்வியங்குதளம் ஒருங்குறித் தமிழைக் காட்டவல்லதாயிற்று. எனவே இன்றைய கணிப்பொறிகளில் எழுத்துருக் குறை என்பது அரிதே. எஞ்சியிருக்கும் தடை பெரும்பாலும் உள்ளீட்டு முறையில்தான்.

லினக்ஸில் வழி

உபுண்டுவை எடுத்துக்கொள்வோம். திரையின் மேல்வரிசையில் வலக்கோடியைச் சொடுக்கினால் ஒரு சிறு பட்டியல் இறங்கும். அதில் பற்சக்கரம் அல்லது ‘செட்டிங்ஸ்’ என்ற சொல் இருக்கும். அதனைத் திறந்தால் இடப்பக்கத்தில் அறைகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். மேலே வலைத்தொடர்பு; நடுவே ஒலி, மின்சாரம், திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி; கீழே மொழியும் வட்டாரமும், பயனர்கள், தேதியும் நேரமும் முதலியவை. பெயர் நினைவில்லாதவர் பூதக்கண்ணாடிப் படத்தைச் சொடுக்கித் தேடலாம்.

இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. உபுண்டுவின் பதிப்பெண்கள் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பவை: 18.04 என்றால் 2018 ஏப்ரல், 22.04 என்றால் 2022 ஏப்ரல். 18.04 பதிப்பில் ‘ரீஜன் அண்ட் லாங்வேஜ்’ என்ற ஓரறையிலேயே காட்சி மொழி, வட்டார வழக்கம், உள்ளீட்டு முறை மூன்றும் இருந்தன. 22.04 பதிப்பிலோ உள்ளீட்டு முறை ‘கீபோர்டு’ என்ற அறைக்கு மாற்றப்பட்டுவிட்டது. பழைய பதிப்பில் பழகியவர் புதியதில் தேடிக் காணாமல், ‘தமிழை எடுத்துவிட்டார்கள்’ என்று எண்ணியது உண்டு. யாரும் எடுக்கவில்லை, பக்கத்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆகையால் மனப்பாடமாக வழியை வைத்துக்கொள்வதைவிட, எந்தக் காரியம் வேண்டும் என்பதை அறிந்து தேடுவதே சிறந்தது.

22.04 பதிப்பில் கீபோர்டு அறையைத் திறந்தால் முதலில் ‘இன்புட் சோர்சஸ்’ என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழுள்ள கூட்டல் குறியைச் சொடுக்கினால் சில மொழிகளின் பெயர்கள் தோன்றும். தமிழைக் காணவில்லையென்றால் மனந்தளர வேண்டாம். அப்பட்டியலின் கடைசியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைச் சொடுக்கினால் பட்டியல் விரியும். ஆங்கிலத்தில் தமிழின் பெயரைத் தட்டித் தேடவும் செய்யலாம். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் முதலிய பல அமைப்புகள் தோன்றும். வேண்டியதைத் தேர்ந்து சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது. அதன் பிறகு, விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்திக்கொண்டு இடைவெளிப் பட்டையைத் தட்டினால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறலாம். இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்பதை மேல்வரிசையிலுள்ள சிறு எழுத்து காட்டிக்கொண்டிருக்கும்.

திரையையே தமிழாக்க விரும்பினால், ‘ரீஜன் அண்ட் லாங்வேஜ்’ அறைக்குச் சென்று, நிறுவிய மொழிகளை நிர்வகிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தமிழ் அங்கே இல்லையெனில் அதனைச் சேர்க்கலாம்; ஆனால் அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. பள்ளிக் கணிப்பொறியானால் ஆசிரியரைக் கேட்க வேண்டும். தமிழைப் பிடித்து இழுத்துப் பட்டியலின் உச்சியில் வைத்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் திரை தமிழில் பேசும். வெளியேறி வராமல் ‘மாறவில்லையே’ என்று கூறுவோர் பலர்.

விண்டோஸிலும் கைத்தொலைபேசியிலும்

விண்டோஸில் அமைப்புகளைத் திறப்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. விண்டோஸ் சின்ன விசையோடு ஆங்கில ‘ஐ’ விசையைச் சேர்த்து அழுத்தினால் போதும். விண்டோஸ் 11இல் இடப்பக்கப் பட்டியலில் ‘டைம் அண்ட் லாங்வேஜ்’ என்பதையும், அதனுள் ‘லாங்வேஜ் அண்ட் ரீஜன்’ என்பதையும் திறக்க வேண்டும். மொழி சேர்க்கும் பொத்தானை அழுத்தித் தமிழைத் தேர்ந்தால் அது பதிவிறங்கும். பின்னர் தமிழின் பெயருக்கு எதிரேயுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, மொழி விருப்பங்களுள் நுழைந்தால் விசைப்பலகைகளைச் சேர்க்கும் இடம் வரும். தமிழ்99, அஞ்சல் ஆகியவையும் அங்கே கிடைக்கின்றன. மொழி மாற்றும் விசையோ லினக்ஸில் சொன்னதேதான்: விண்டோஸ் சின்ன விசையும் இடைவெளிப் பட்டையும்.

மொழியைச் சேர்க்கும்போது ‘இதனையே காட்சி மொழியாக்கவா?’ என்று ஒரு கட்டம் கேட்கக்கூடும். பிறருக்கும் பொதுவான கணிப்பொறியானால் அக்கட்டத்தில் குறியிடாமல் விடுவதே முறை.

ஆண்ட்ராய்டு தொலைபேசியில் பற்சக்கரத்தைத் திறந்து, ‘சிஸ்டம்’ என்பதனுள் மொழிகளைக் காணலாம். சில நிறுவனத்தார் இதன் பெயரையும் இடத்தையும் சிறிது மாற்றி வைத்திருப்பர். அப்போது உச்சியிலுள்ள தேடும் கட்டமே துணை. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி வைக்கும் வசதியும் உண்டு. அச்செயலியில் அம்மொழி இருந்தால் போதும். அலுவலகச் செயலி மலையாளத்திலும் மற்றவை தமிழிலும் இருக்க வேண்டுமென்று விரும்பும் எல்லைப்புறத்தாருக்கு இது பெரிதும் பயன்படும்.

ஒரே விரல், இரண்டு எழுத்து

எந்த விசைப்பலகை அமைப்பைத் தேர்வது என்ற கேள்வி எழும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99, தமிழுக்கென்றே திட்டமிடப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. வேகமாகத் தட்டச் சிறந்தது. தமிழில் மட்டுமே எழுதுவோர்க்கு அதனையே பரிந்துரைப்போம்.

ஆனால் கேரளத்திலே வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்ட் என்னும் அமைப்பும் ஓர் எதிர்பாராத உதவி செய்கிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டு, 1991இல் இந்திய தர நிர்ணயத்தில் இடம்பெற்ற அமைப்பு அது. அதன் அடிப்படை விதி எளிது: ஒரே ஒலிக்குரிய எழுத்து எல்லா மொழிகளிலும் ஒரே விசையில் அமையும். உயிர்களும் உயிர்க்குறிகளும் இடக்கையில். மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். கேரளத்துப் பள்ளிகளில் மலையாளம் தட்டக் கற்பிப்பது இம்முறையில்தான்.

இதன் பயனை மூதாட்டியின் பெயரைக்கொண்டே காட்டலாம். ‘அழகு’ என்று தட்ட வேண்டும். ஷிப்ட் விசையோடு ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்தாகிய ‘டி’: அகரம் விழும். ஷிப்ட் விசையோடு இரண்டாம் எழுத்தாகிய ‘பி’: ழகரம் விழும். பிறகு ‘கே’: ககரம். பிறகு ‘ஜி’: உகரக் குறி. நான்கே தட்டுதல்களில் ‘அழகு’ முடிந்தது. இனி, மலையாள இன்ஸ்கிரிப்டுக்கு மாறி, அதே நான்கு விசைகளை அதே வரிசையில் தட்டினால், மலையாள எழுத்தில் அதே ‘அழகு’ பிழையின்றி விழுகிறது. விரல் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறுகிறது. இடையிலே ஆங்கிலம் வரவில்லை; ழகரமும் தொலையவில்லை.

மலையாளத்துக்கு உரியவையாய்த் தமிழில் இல்லாத எழுத்துகள் சில உண்டு. அவ்விசைகளைத் தமிழில் தொட வேண்டியதில்லை. தமிழுக்கே சிறப்பாக நாம் கவனிக்க வேண்டியது, ‘வி’ விசையில் தந்நகரமும், ஷிப்டோடு அதே விசையில் றன்னகரமும் இருப்பது ஒன்றே. பள்ளியில் மலையாளம் தட்டக் கற்ற ஒரு சிறுமி, தமிழையும் ஏறத்தாழ முக்காற்பங்கு கற்றுவிட்டவளே. தனக்கு அது தெரியும் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே.

வழிதவறினால் திரும்பும் முறை

பொதுக் கணிப்பொறிகளில் ஒரு தொல்லை நேர்வதுண்டு. முன்னே இருந்தவர் காட்சி மொழியை நமக்குத் தெரியாத மொழிக்கு மாற்றிவிட்டுப் போயிருப்பார். அப்போது சொற்கள் துணைசெய்யா, படங்களே துணை. பற்சக்கரத்தைத் தேடுக. விண்டோஸானால் முற்கூறிய குறுக்குவிசை எம்மொழியிலும் வேலைசெய்யும். மொழி அறையை லினக்ஸில் கொடிப் படமும், தொலைபேசியில் பெரும்பாலும் உலகவுருண்டைப் படமும் காட்டிக்கொடுக்கும். விண்டோஸிலும் தொலைபேசியிலும் மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் சொந்த எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சீனமோ அரபியோ சூழ நின்றாலும், ‘தமிழ்’ என்ற சொல் தமிழிலேயே நிற்கும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டுகொள்வதுபோல் அதனைக் கண்டுகொள்ளலாம்.

அமைப்புகளில் நுழைவோர்க்கு மூன்று விதிகளைக் கூற விரும்புகிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை மாற்றினால் எதன் விளைவு எது என்று தெரியாது. மாற்றுமுன் பழைய நிலையை ஒரு தாளில் குறித்துக்கொள்க. ஏனெனில், பல அமைப்புகள் ‘சரியா?’ என்று கேளாமல் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். கணிப்பொறி பொதுவானதாயின், வேலை முடிந்ததும் காட்சி மொழியைப் பழையபடி வைத்துவிட்டு எழுக. கூடுதலாகச் சேர்த்த விசைப்பலகையை நீக்க வேண்டியதில்லை. அது எவருக்கும் இடையூறு செய்யாது, அடுத்து வரும் தமிழருக்கு உதவும்.

தொடாமல் விடவேண்டிய இடங்களும் உண்டு. ‘ரீசெட்’ என்று எழுதிய இடம், பயனர்களை நீக்கும் இடம், வட்டினைப் பிரிக்கும் இடம் ஆகிய மூன்றிலும் அறிந்தவர் துணையின்றிக் கைவைக்கலாகாது. மொழி அறையில் நேரும் தவறு எதனாலும் கோப்புகள் அழிவதில்லை; ஆகவே அங்கே அச்சமின்றிப் பழகலாம்.

உரிமையும் விசையும்

இவ்வளவு சிறிய காரியத்தை இத்தனை விரிவாகச் சொல்வானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பிலே சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தத்தம் மொழியிலேயே கடிதப்போக்குவரத்து நடத்தலாம்; மறுமொழியும் அம்மொழியிலேயே தரப்படவேண்டும்.

தாளும் மையும் வழங்கிய காலத்தில் இவ்வுரிமையைப் பயன்படுத்தத் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் போதும். மனுக்கள் கணிப்பொறி வழியாகச் செல்லும் இக்காலத்தில், தமிழ் தட்டத் தெரிந்த ஒருவரும், தமிழைத் தட்டவிடும் ஓர் இயந்திரமும் வேண்டும். சட்டம் அளித்த உரிமை, ‘இந்த மெஷினில் தமிழ் இல்லை’ என்ற ஒரே வாக்கியத்தால் அந்த மேசையிலேயே நின்றுவிடுகிறது. அந்த வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் பகைமையால் சொல்வதில்லை, அறியாமையால் சொல்கிறார். அவரோடு வாதிடுவதைவிட, “தம்பி, அந்தப் பற்சக்கரத்தைத் திறந்து பாருங்கள்” என்று வழிகாட்டுவது விரைவில் பயன் தரும். படிவமே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் வேண்டும் என்று அமைந்த இடத்திலும், பெயரை மட்டுமாவது தமிழிலிருந்து நேரே மலையாளத்துக்குக் கொண்டுசெல்லலாம், ழகரம் பிழைக்கும்.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். அங்குள்ள திரைகள் வேறு மொழிகளில் பேசக்கூடும். ஆயினும் கணிப்பொறியும் தொலைபேசியும் ஊருக்கு ஊர் வேறல்ல. சித்தூரில் செய்த காரியத்தைத் தாராவியிலும் செய்யலாம். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லாத நகரங்களில், பாட்டிக்கு ஒரு கடிதத்தைத் தமிழில் தட்டக் கற்பது எழுத்து மறவாமல் இருப்பதற்கு எளிய வழியுமாகும்.

நேயர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். இன்று மாலை வீட்டிலுள்ள கணிப்பொறியிலோ தொலைபேசியிலோ பற்சக்கரத்தைத் திறந்து, மொழியறை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ழகரமும் றகரமும் ணகரமும் உரிய இடத்தில் விழுகின்றனவா என்று சரிபாருங்கள். பிறகு, அடுத்த முறை சேவை நிலையத்துக்குச் செல்லும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் அவ்விடத்தைக் காட்டுங்கள்.

நாம் கூறிய மூதாட்டியின் தாள்கள் பின்னர் திருத்தப்பட்டன. அந்த இளைஞர் தம் மேசைக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு தாளை வைத்திருக்கிறார். தமிழுக்கு மாற எந்த விசையை அழுத்த வேண்டும் என்று அதிலே மலையாளத்தில் எழுதிவைத்திருக்கிறார்.